வலது மூலையில் ஒரு குமிழி

டப்பாவின் மூடியைத் திருகியதும்
பச்சைத் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில்
விருந்து முடிந்த மேசையில் மறந்துபோன
மயோனைஸ் போல ஒன்று
விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

ஓப்பல் ஒமேகா, தொண்ணூற்றேழு.
ஜெர்மனியில் யாரோ ஓட்டிச் சலித்து,
கப்பலேறி, பொத்தி துறைமுகத்தில் இறங்கி,
குட்டைசியில் என் பேருக்கு வந்தது.
வாரம் மூன்று நாள் பாலாடைக்கட்டி ஏற்றிக்கொண்டு
திபிலீசிக்கு ஓடும்.
பின்சீட்டில் யார் ஏறினாலும்
முதல் வேலையாகக் கண்ணாடியை இறக்குவார்கள்.

மெக்கானிக் அவ்தோ எட்டிப் பார்த்தான்.
தொப்பியைக் கழற்றினான்,
சாவு வீட்டில் கழற்றுவது போல.
"ஹெட் காஸ்கெட் போச்சு, லாமாரா.
ஆகிற செலவுக்கு வேறு வண்டியே வாங்கலாம்."
டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினேன்.
ஆயில் தேன் மாதிரி இருந்தது.
புகையிலும் வெள்ளை இல்லை.
"தண்ணீர் ஆயிலுக்குப் போகவில்லையே,
ஆயில்தானே இந்தப் பக்கம் வருகிறது?"
அவன் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

இந்த எஞ்சினில் ஆயில் கூலர் வெளியே இருக்காது.
இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுப்பள்ளத்தில்
தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும்.
ஆயிலுக்கும் தண்ணீருக்கும் இடையே
நகம் கனத்தில் ஒரு தகடு.
சூட்டைக் கொடுக்கலாம், வாங்கலாம்.
வேறு பழக்கவழக்கம் கூடாது.

எங்கள் வீட்டு ஏற்பாடும் அதுதான்.
விவாகரத்துக்குப் பிறகு
ஜும்பேரும் நானும் நடுவில் பலகை அடித்துக்கொண்டோம்.
விற்றால் வரும் பாதிக்கு
இந்த ஊரில் ஒரு பால்கனி கிடைக்காது.
எட்டு வருஷம்.
அவன் இருமல் எனக்குக் கேட்கும்,
நான் போனில் கடன்காரர்களிடம் சொல்லும் பொய்
அவனுக்குக் கேட்கும்.

மூன்று சாயங்காலம் கழற்றினேன்.
காற்றுக்குழாய், ஒயர்கள், பேர் தெரியாத ஒரு வளையம்,
எதற்கும் வரிசை மாறாமல் செய்தித்தாளில் பரப்பி.
கடைசித் தகட்டில் ஒரு போல்ட் மட்டும்
மசியவே இல்லை.
பலகையைத் தட்டினேன்.

ஜும்பேர் ஒரு நீள இரும்புக் குழாயோடு வந்தான்,
கக்கத்தில் ஒரு சைக்கிள் பம்பு.
என்ன ஏது என்று கேட்கவில்லை.
அதற்கு நான் நன்றி சொல்லவுமில்லை.
போல்ட் கிறீச்சிட்டது.

சலவைத் தொட்டியில் கூலரை முக்கி
ஒரு வாயை ரப்பரால் அடைத்து
மறு வாயில் பம்பைச் செருகினோம்.
அவன் அடித்தான். நான் குனிந்திருந்தேன்.
"வருதா?"
"இல்லை. அடி."
"வருதா?"
"சும்மா அடியேன்."
தண்ணீரில் தெருவிளக்கு ஆடியது.
அப்புறம்தான்
வலது மூலையில் ஒரு குமிழி.
கடுகளவு.
போகலாமா வேண்டாமா என்று
தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்று
மேலே வந்து உடைந்தது.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.
மாடியில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

ருஸ்தாவி சந்தையில் வேறு கூலர் வாங்கினேன்,
பழசுதான், குமிழி விடாத பழசு.
பாத்திரம் கழுவும் தூள் கரைத்து
ஏழு முறை எஞ்சினுக்குள் ஓடவிட்டேன்.
ஏழாவது முறையும் தண்ணீர் கலங்கியே வந்தது.
ரப்பர் குழாய்கள் குடித்த எண்ணெயை
மாசக்கணக்கில் கக்குமாம்.
கக்கட்டும்.

நேற்று ரிகோத்தி மேட்டில்
எண்பது கிலோ பாலாடைக்கட்டியோடு ஏறினேன்.
முள் நடுவை விட்டு அசையவில்லை.
பம்பு இன்னும் டிக்கியில்தான் கிடக்கிறது,
திருப்பிக் கொடுக்க வேண்டும்.
சுரங்கப்பாதை இருட்டுக்குள் போகும்போதுதான் உறைத்தது:
ஜும்பேரிடம்
சைக்கிளே கிடையாது.