மெலிந்த காற்று

எங்கள் ஊரில் விமானம் சுலபமாக எழும்பாது.
எல் ஆல்தோவின் காற்று அத்தனை மெலிசு,
துவைத்துத் துவைத்து நைந்த துணி போல.
இறக்கைக்குப் பிடிமானம் கிடைக்க
கீழ்நாட்டில் ஓடுவதைப்போல் இருமடங்கு ஓடவேண்டும்.
இதை எனக்குச் சொன்னவள் லியோகாடியா,
பதினான்கு வயதில், கம்பிவேலிக்கு வெளியே
அவித்த சோளத்தை மென்றபடி
கடிகாரத்தில் வினாடி எண்ணிக்கொண்டு.
"நாற்பத்தெட்டு. இன்று வெயில், அதனால்.
நேற்று நாற்பத்துமூன்று."
எனக்கு விமானம் மட்டும்தான் தெரிந்தது.

விமானப்படைக் கல்லூரியில்
நூற்று அறுபது சென்டிமீட்டர் கேட்டார்கள்.
அவளுக்கு ஒன்று குறைந்தது.
எனக்கும் அதே ஒன்று.
காலையில் மனித உடம்பு நீளமாயிருக்கும்,
நின்று நின்றுதான் குறுகுகிறோம் என்று
எங்கோ படித்திருந்தாள்.
ஆகவே சாந்தா குரூஸுக்கு
தெலெஸ்போரோவின் வெங்காய லாரியில்
இருபது மணிநேரம் படுத்தே போனோம்,
மூட்டைகள் மேல், மல்லாந்து,
மலை இறங்க இறங்கக் காது அடைக்க.
அவள் எதற்கும் எழவில்லை.
ஒரு போத்தல், ஒரு போர்வை,
மற்றதைக் கேட்காதீர்கள்.
நான் எழுந்தேன்.
கொச்சபாம்பா தாண்டி ஒரு கடையில்
வேர்க்கடலை சூப் கொதித்துக்கொண்டிருந்தது.
நின்றுகொண்டே குடித்தேன், இரண்டு கிண்ணம்.

மருத்துவமனை வாசலில்
ஒரு பலகையில் கிடத்தி அவளைத் தூக்கிப் போனோம்.
காவலாள் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டான்:
"எப்போது போனது?"
"இன்னும் போகவில்லை, இனிமேல்தான் பறக்கும்"
என்றார் தெலெஸ்போரோ.
நூற்று அறுபதும் ஒரு நூலும். அவள்.
நூற்று ஐம்பத்தொன்பதரை. நான்.
எழுதியவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
அந்த சூப்தானா காரணம்?
இன்றுவரை தெரியாது.

அங்கிருந்து வந்த முதல் கடிதம் புகார்க் கடிதம்.
இங்கே காற்று கனக்கிறது,
முகத்தில் ஈரத்துண்டு போட்டாற்போல.
முதல்முறை கிளம்பியபோது
நாற்பத்தெட்டு எண்ணத் தயாராக இருந்தேனா,
பத்தொன்பதில் தரை கையைவிட்டுப் போய்விட்டது.
யாரோ ஏமாற்றியதுபோல் இருந்தது.

பிறகு வந்தவை சின்னக் கடிதங்கள்.
மலைக்காரி என்கிறார்கள்.
பெடல் எட்டவில்லை, முதுகுக்குத் தலையணை தைத்தேன்.
சக்கரம் மூன்றுமுறை குதித்தது, தனியாகப் பறக்க விடமாட்டார்களாம்.
கிடங்குக் கணக்குக்கு மாறிக்கொள் என்கிறார்
கேப்டன் அர்கந்தோன்யா, மிகவும் அன்பாக.
அந்த அன்புக்குப் பதிலாக
பதினொரு மனு எழுதினாள்.
ஒரு வருடம் திரும்பப் படித்தாள்,
தன்னைவிட இளையவர்களுக்குப் பின்வரிசையில்.

கண்ணாடியை மூடி,
வெளியே பாராமல், முள்ளையும் எண்ணையும் நம்பிப்
பறக்கவேண்டிய தேர்வில் மட்டும்
அவளை யாரும் நெருங்கவில்லை.
எங்கள் ஆய்மாரா மொழியில்
கடந்ததுதான் கண்முன்னே நிற்கும்;
வரப்போவது முதுகுக்குப் பின்னால்.
பாராமல் போவது எங்களுக்குப் புதிதா என்ன?

நானும் ஓடுபாதையில்தான் இருக்கிறேன்.
விமான நிலையத்தில் நாய் விரட்டும் வண்டி என்னுடையது.
பொறாமை இல்லை என்றால் பொய்.
சில இரவுகளில் அந்த அரை சென்டிமீட்டர்
என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறது.

இன்று காலை, பனி விலகாத நேரம்,
வானொலியில் படைச் சரக்கு விமானம் ஒன்று
இறங்க அனுமதி கேட்டது.
அந்தக் குரல்.
எண்களைச் சொல்லும்போது மட்டும் லேசாகச் சோளம் மெல்லும்.
ஓடுபாதை நடுவில்
ஒரு செவலை நாய் குந்தியிருந்தது,
ஊரே தன்னுடையது என்பதுபோல.
ஒலிப்பானை அடித்தேன், கத்தினேன்,
கடைசியில் இறங்கி என் மதிய ரொட்டியை வீசினேன்.
"சுற்றி வருகிறேன்" என்றாள் மேலே.
தலைக்குமேல் அந்தப் பெரிய வயிறு
இரைந்துகொண்டு கடந்துபோனது.
கோபுரத்துக்குச் சொன்னேன்: பாதை சுத்தம்.
என் குரல் அவளுக்கும் கேட்டிருக்கும்.
ஒரு கணம் வானொலியில் வெறும் இரைச்சல்.
பிறகு, "புரிந்தது. ரொட்டிக்கு நான் பொறுப்பு."

பத்துமணிக்கு அவள் திரும்பக் கிளம்பினாள்,
வயிறு நிறையச் சுமையோடு.
வேலியோரம் வண்டியை நிறுத்திவிட்டு
கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஐம்பத்தொன்று.
வெயில், அதனால்.