வெட்டுத்துண்டு

ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு.
சன்னல் வழியே மஞ்சு நுழைந்து
முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.
ஈரத்தில் ஊறிய சாக்பீஸ் எழுத மறுத்தது.
உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி
இரண்டு அச்சுகள் போட்டேன்,
ஒன்று படுத்தது, ஒன்று நின்றது.
படுத்தது நேரம். நின்றது பள்ளியிலிருந்து தூரம்.
நடுவே அரவேணு பஸ்: ஒரு கோடு
ஏறி, சற்றே சமமாக ஓடி, இறங்கியது.

"இது என்ன சொல்லுது?"
நஞ்சன் எழுந்தான்.
"பஸ் மலை ஏறிச்சு டீச்சர்.
உச்சியில கொஞ்சம் மட்டம். அப்புறம் எறக்கம்."
வகுப்பே தலையாட்டியது.

மலையில் பிறந்தவர்களிடம்
இந்த ஏற்றம் மலையில்லை என்று எப்படிச் சொல்வது?
நானோ சாயல்குடிக்காரி.
எங்கள் ஊரில் சாய்வு என்றால்
நாற்காலிக்குத்தான்.

கடைசி பெஞ்சு ஜெபராணி
ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டபடி முனகினாள்:
"மட்டமான எடத்துல தூரம் கூடல.
நேரம் மட்டும் போகுது.
டிரைவர் டீ குடிக்கிறாரு."
நஞ்சன் பலகையைப் பார்த்தான், சன்னலைப் பார்த்தான்.
"அப்ப பஸ் திரும்பி இங்கயேதான் வருதா?"
ஏமாற்றப்பட்டவன் குரல்.

மறுநாள் கொழுந்தை எடுத்தேன்.
கிலோ ஆறு ரூபாய்.
மழை ஈரத்துக்கும் சாக்குக்குமாக
தராசிலேயே மூன்று கிலோ வெட்டு.
பறித்தது x, கைக்கு வருவது y.
y = 6x − 18

"x-னா எவ்வளவு டீச்சர்?"
"காலையில தேயிலைக்குள்ள கறுப்பா ஒண்ணு தெரியுது.
பாறையா, காட்டெருமையான்னு தெரியல.
அதுக்காக ஸ்கூலுக்கு வராமலா இருக்கீங்க?
இருக்குன்னு வச்சுக்கிட்டுச் சுத்தி நடக்குறீங்கல்ல?"
ஒருவன் நோட்டில் எழுதினான்: 6எருமை − 18.
சரி போட்டேன்.

பத்துக்கு நாற்பத்திரண்டு,
இருபதுக்கு நூற்றிரண்டு,
முப்பதுக்கு நூற்று அறுபத்திரண்டு.
வரைபடத்தாளில் மூன்று புள்ளிகள்
ஒரே நூலில் கோத்தாற்போல் நின்றன.
எல்லோரும் பத்தில் தொடங்கி மேலே போனார்கள்.
தவமலர் மட்டும் கோட்டைப்
பின்னால் இழுத்துக்கொண்டிருந்தாள்.
மூன்றில் படுத்த அச்சைத் தொட்டது. அவள் நிறுத்தவில்லை.
ஆதிப்புள்ளிக்கும் கீழே இறங்கி
நின்ற அச்சை வெட்டியது.

"அம்மா காய்ச்சல்னு போகாத நாள் x பூச்சியம்.
அப்ப மைனஸ் பதினெட்டா?"

பாடம் தயாரித்து வந்தவள் நான். சொன்னேன்:
"பறிக்காதவங்களுக்கு வெட்டு இல்லம்மா.
அங்க இந்தச் சமன்பாடு பொருந்தாது.
மூணுக்குக் கீழ இருக்குறத அழிச்சிடு."

ரப்பரை எடுத்தாள். வைத்தாள்.
"பொருந்தும் டீச்சர்.
போகாத நாளும் எங்க பேருக்கு நேரா எழுதுவாங்க,
லைன் வீட்டு கரண்டு, முன்பணம்.
தொகை வேற.
ஆனா அச்சுக்குக் கீழதான்."

மஞ்சு நகர்ந்து இரண்டாம் பெஞ்சுக்கு வந்தது.
யாரும் சிரிக்கவில்லை.
"அப்ப அது வேற சமன்பாடு. அதையும் எழுது" என்றேன்.
எழுதினாள். சாய்வு தெரியவில்லை,
அதற்கு m என்று வைத்தாள்.
மாறிலி தெரிந்திருந்தது.
ரூபாய் சுத்தமாக, நாலு இலக்கத்தில்.

பிறகு கேள்விகள் அவர்களிடமிருந்தே வந்தன.
விலை ஏறினால் கோடு என்ன ஆகும்? நிமிரும்.
மழை விட்டால்? நிமிராது, அப்படியே மேலே நகரும்.
ரெண்டும் நடக்கிற மாசம் உண்டா டீச்சர்?
அது கணக்கில் வராது என்று சொல்ல வாயெடுத்து
கரும்பலகையைத் துடைத்தேன்.

காலாண்டுத் தேர்வு. இரண்டு மதிப்பெண் வினா:
'−18 எதைக் குறிக்கிறது?'
விடைக் குறிப்பில் 'நிலையான கழிவு'.
தவமலர் எழுதியிருந்தாள்:
நாங்கள் தொடங்கும் இடம்.
பூச்சியத்துக்கு வந்து சேரவே
மூன்று கிலோ பறிக்க வேண்டும்.

இரண்டு போட்டேன்.
சிவப்புப் பேனாவை மூட மறந்து
விரலெல்லாம் மை.

அடுத்த தாள் நஞ்சனுடையது.
பஸ் கோட்டைச் சரியாகவே வரைந்திருந்தான்,
டீ குடிக்கும் நேரம் உட்பட.
ஓரத்தில், கேட்காத இடத்தில்,
சின்னதாக ஒரு மலை.
பக்கத்தில் அம்புக்குறி:
இது மலை. கோடு அல்ல.