முழங்கால் ஆழம்

சித்திரைப் பாலாற்றில் தண்ணீர் ஏது.
மாதனூர்ப் பாலத்துக்குக் கீழே
மணல் லாரிகள் விட்டுப்போன பள்ளங்களில்
வேலிக்காத்தான் முளைத்திருக்கிறது.

டேங்கர் சொல்லட்டுமா என்றேன் பாஸ்டரிடம்,
பணம் நான் தருகிறேன்,
வேலூரில் நீச்சல் குளமே எடுக்கலாம்.
ஆற்றில் இருக்கிறது என்றார். தோண்டினால் வரும்.

தோண்டியது தீத்து.
எங்கள் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி ஆள்,
நகமெல்லாம் கரைந்து வெளுத்தவன்.
அவன் மகள் பிறந்த காலையில்
ஒன்றரை மணி பிந்தி வந்தான்.
அரைநாள் பிடித்தேன்.
ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டியபோது
பார்க்காமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

மண்வெட்டிக்கு அடியில் முதலில் ஈரம்,
பிறகு கலங்கல்,
பிறகு லேசாக எங்கள் ஷாப்பின் வாடை.
தெளியட்டும் என்று எல்லோரும் குந்தியிருந்தோம்.
முழங்காலுக்கு மேல் ஊறவில்லை.

நின்றபடியே நடக்கும் என்று நினைத்திருந்தேன்.
மார்பளவு நீர், ஒரு முங்கல், ஓர் ஆமென்,
தலை துவட்டப் புதுத் துண்டு.
ஆறடி ஆள் நான்.
"படுத்துக்கோங்க சார்" என்றான் தீத்து.

படுத்தேன்.
நீட்ட இடமில்லை, காலை மடக்கினேன்,
முட்டி நெஞ்சுக்கு வந்தது.
பிடரியின் கீழ் அவன் உள்ளங்கை,
சொரசொரப்பாய்,
தலை நிற்காத பிள்ளையைக்
குளிப்பாட்டிப் பழகிய கை.
விட்டிருக்கலாம்.
விடவில்லை.

மூக்கில் தண்ணீர். காதில் தண்ணீர்.
பாஸ்டர் சொன்ன மூன்று நாமமும்
எனக்குக் கேட்கவில்லை.
என் நெஞ்சு அடிப்பது மட்டும்,
தொலைவில் யாரோ கதவைத் தட்டுவதுபோல.

தூக்கியதும் அழுதேன் என்கிறார்கள்.
இருமல்தான் என்று இன்றும் வாதிடுவேன்.

திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டைத் திறந்ததும்
காதிலிருந்து மணல் உதிர்ந்தது,
தீத்துவின் பெயருக்கு இரண்டு வரி மேலே.
கூப்பிட்டேன்.
அந்த அரைநாளுக்கு நூற்றெழுபது ரூபாய்,
அதன்மேல் நானாக ஓர் ஐந்நூறு.
எண்ணினான்.
ஐந்நூறை மட்டும் மேசையில் திருப்பி வைத்தான்.
"கணக்கு சரியா இருக்கட்டும் சார்."

அவன் தொட்டிக்குப் போனபின்
மின்விசிறிக் காற்றில் நோட்டு பறந்து
நாற்காலிக்கடியில் விழுந்தது.
யாருடா அங்கே என்று வாய் எடுத்தேன்,
பாதியில் நின்றது.
குனிந்தேன். குனிந்தது போதவில்லை.
மண்டியிட்டுக் கையை நீட்டினேன்,
வலது முட்டியில்
ஆற்றுக் கல் கிழித்த காயம்
இன்னும் ஆறாதிருந்தது.