இரண்டு மீட்டர்

அக்டோபர் மழை விடவில்லை, யூட்லாந்தில்.
பார்லி உண்டு மிஞ்சிய நைட்ரேட்
நீரின் தோளேறிக் கீழே போகிறது.
மணல் யாரையும் தடுப்பதில்லை.

முழங்கால் சேற்றில் புதைய
கண்ணாடிக் குழாய்க்குள் கேமராவை இறக்குகிறாள் இங்கெலிஸ்.
அறுபது சென்டிமீட்டர்: வெறும் ஈரம்.
தொண்ணூறு: ஒரு மண்புழு, அவசரமில்லாமல்.
நூற்று எழுபதில்
முள்ளங்கியின் வெள்ளை மயிர் ஒன்று,
நேற்று இல்லாதது.

விற்பதற்கல்ல இந்த முள்ளங்கி.
உறைபனியில் சாகட்டும் என்றே விதைத்தது;
ஓடுகிற உப்பை எட்டிப் பிடித்து
இலையில் ஏற்றிவிட்டுச் சாகட்டும்.

"வேர் முந்திவிட்டதா?"
வேலியோரம் நனைந்தபடி கேட்கிறான் தோர்கில்.
அவன் கிணறு இந்தச் சரிவின் அடியில்.

அவள் தலை நிமிரவில்லை.
நூற்றெண்பதில்,
கண்ணாடிக்கு வெளியே,
வேருக்கு ஒரு விரல் முன்னால்
ஒரு துளி
இறங்கிக்கொண்டிருக்கிறது.