மோட்டார் எங்களுடையதாக இருந்த நேரம்

தலைமையகத்திலிருந்து படிவம் வந்தது.
"மாற்றத்துக்கு நான் தயாராக இருக்கிறேன்."
ஒன்று முதல் ஐந்து வரை ஏதேனும் ஓர் எண்ணை
வட்டமிட வேண்டும்.
வட்டியை விடச் சொன்னவர்கள்
வட்டம் போடச் சொல்கிறார்கள்.

அல்-கும்ஸ் கிளையில் நாங்கள் பதினோரு பேர்.
மின்சாரம் இல்லை.
ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்துகொண்டோம்.
மிஃப்தாஹ் ஐந்தைச் சுழித்தான்,
பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம் வருகிறது.
அபூஅஜீலா மூன்றின் மேல் பேனாவை ஊன்றி
மை ஊறிப் பரவும்வரை எடுக்கவே இல்லை,
ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் அவருக்கு.
நான் படிவத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

இருபத்திரண்டு வருஷமாகக் கடன் பிரிவு.
என் கால்குலேட்டரில்
விழுக்காட்டுக் குறி தேய்ந்து அழிந்துவிட்டது,
விரலுக்கு மட்டும் இடம் தெரியும்.
அம்மாவின் இன்சுலின் அந்தச் சம்பளம்.
அதை வைத்திருக்கும் குளிர்பெட்டியும்.
நேற்றுவரை வாங்கியதெல்லாம்
இனி எந்தக் கணக்கில் சேரும்?
படிவத்தில் முப்பத்தொரு கேள்விகள்,
இது இல்லை.

பயிற்சி இரண்டு நாள்.
துனிஸிலிருந்து வந்தவர் நல்ல மனிதர்,
ஜெனரேட்டரோடு போட்டி போட்டுத்
தொண்டை கட்டிவிட்டது.
"பணம் கொடுத்துப் பணம் வாங்காதீர்கள்.
பொருளை வாங்குங்கள்.
அது உங்கள் கைக்கு வரட்டும்.
பிறகு, லாபம் இவ்வளவு என்று சொல்லி விற்றுவிடுங்கள்."
முராபஹா என்று பலகையில் எழுதினார்.
மிஃப்தாஹ் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டான்.
பழைய தவணை ஒரு பத்தி, புதிய தவணை ஒரு பத்தி,
அடியில் இரண்டுக்கும் ஒரே எண்.
"தொப்பிதான் புதுசு, நஜ்மியா."
சிரித்துவிட்டேன்.
சிரித்தது எனக்கே பிடிக்கவில்லை.

முதல் கோப்பு என் மேசைக்கு வந்தது.
மீனவர் ஜும்ஆவுக்குப் படகு மோட்டார்,
நாற்பது குதிரைத்திறன்.
முன்பென்றால் ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, போய் வாருங்கள்.
இப்போது நானே துறைமுகக் கடைக்குப் போனேன்,
விலை பேசினேன்,
வங்கியின் பெயரில் ரசீது வாங்கினேன்.
மோட்டார் எங்களுடையது.
விற்பனைப் பத்திரத்தை நீட்டினால்
ஜும்ஆ கையைக் கண்ணுக்கு எதிரே நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு
கண்ணாடி எடுத்துவர மகனை அனுப்பினார்.

அப்போது பிடித்தது மழை.
கடைவாசலில், பலகைமேல்,
பெட்டி திறந்து கிடக்கிறது.
உடைமை யாருடையதோ
நட்டமும் அவருடையது:
பயிற்சியில் கைதூக்கி இதைச் சொன்னவள் நான்தான்.
அன்று அது வெறும் வாசகம்.
இன்று பார்த்தால்
என் மழைக்கோட்டைக் கழற்றி
ஓர் இயந்திரத்துக்குப் போர்த்திக்கொண்டிருக்கிறேன்.

எத்தனை காருக்கு, எத்தனை கூரைக்கு,
எத்தனை கல்யாணத்துக்குக்
கடன் எழுதியிருப்பேன்!
ஒன்றையும் தொட்டதில்லை.
இது சில்லென்றிருந்தது.
கிரீஸ் நாற்றம்.
கோட்டின் மறுமுனையை
ஜும்ஆ வந்து பிடித்துக்கொண்டார்,
இன்னும் தன்னுடையதாகாத பொருளுக்கு.

மழை விட்டது. கண்ணாடி வந்தது.
அவர் ஒவ்வொரு வரியாகப் படித்து ஒப்பமிட்டபோது
நாற்பது நிமிடம் கழிந்திருந்தது.
லாபம், மிஃப்தாஹ் போட்ட அதே எண்.
ஒரு தினார் கூடவில்லை, குறையவில்லை.
அவன் சொன்னது தப்பில்லை.
அந்த நாற்பது நிமிடத்துக்கு மட்டும்
அவன் தாளில் பத்தி இல்லை.

தலைமையகம் படிவத்தை இரண்டு முறை கேட்டுவிட்டது.
எந்த எண்ணுக்கும் இன்னும் கை போகவில்லை.
கோட்டின் கையில் படிந்த கிரீஸ்
மூன்று சலவைக்கும் அசையவில்லை.
எங்கே விழுந்தாய் என்று கேட்டாள் அம்மா.

வங்கியில், என்றேன்.