மூன்று ஃப்ரேமும் கொசுறும்

யோப்பூகோனில் டயர் கடைக்கு மேல்மாடி.
ஜூன் மழை தகரத்தில் இறங்கிய சத்தத்தில்
பெயர் கூப்பிட்டது பாதிப்பேருக்குக் கேட்கவில்லை.
இறுதி ஆட்டம் அஃபுவேயும் நானும்.
பரிசு ஐம்பதாயிரம் ஃபிராங்க், அதுபோக
ஒரு மேசை மின்விசிறி.

அவளுடையது இரண்டு தலைமுறைக்கு முந்தைய பேட்.
சிலுவைப் பொத்தானின் இடப்பக்கம்
குளியலறைச் சோப்பாய்த் தேய்ந்திருக்கும்.
புதுக் கன்சோல் அதைப் பார்த்து யார் நீ என்கும்;
நடுவில் ஓர் அடாப்டர் நின்று
அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.
அரையிறுதி முடிந்த நெரிசலில்
யார் செருப்போ அவள் அடாப்டரை மிதித்துவிட்டது.
என்னிடம் ஒன்று இருக்கிறது என்றேன்.
அஜாமே சந்தையில் பேரம் பேசி
பெயரில்லாத உறையில் வாங்கியது.
நல்ல மனதோடுதான் கொடுத்தேன்.
இதை ஒவ்வொரு முறை சொல்லும்போதும்
முந்திய முறையைவிடக் கொஞ்சம் பொய்யாக ஒலிக்கிறது.

நான் காலை வீசினால் தடுப்பாள்,
தடுத்த சூட்டில் திருப்பிக் கொடுப்பாள்;
இரண்டு வருடமாய் அதுதான் என் கூலி.
அன்று விழவில்லை.
அவள் விரல் இறங்கிவிட்டது, நான் பார்த்தேன்.
திரையில் அவளுடைய ஆள் மட்டும்
இன்னும் யோசித்துக்கொண்டு நின்றான்.
அந்த இடுக்கில் நுழைந்தேன்.
மூன்றுக்கு ஒன்று.
மின்விசிறியை பிளாஸ்டிக் பையால் மூடி
மழையில் வீட்டுக்கு நடந்தேன்.

வியாழன் இரவு, போன மின்சாரம் திரும்பியதும்,
தம்பியின் பழைய பேடைப் பிரித்து
குத்துப் பொத்தானில் ஒரு சிவப்பு விளக்கைப் பற்றவைத்தேன்.
என்னுடையதிலும் ஒன்று.
கைப்பேசி, நொடிக்கு இருநூற்று நாற்பது படம்.
விளக்கு எரிந்த படத்திலிருந்து
முஷ்டி கிளம்பும் படம் வரைக்கும்
உதட்டை அசைத்து எண்ணினேன்.
என் பேடில் பதினாறு.
அடாப்டர் வழியே இருபத்தொன்பது.
மறுபடி எண்ணினேன், இருபத்தெட்டு.
மறுபடி.
இருபத்தொன்பது.

நடுவே பதின்மூன்று படம்.
ஆட்டக் கணக்கில் மூன்று ஃப்ரேம், மேலே கொசுறு.
'ப்' என்று மூடிய உதடு
பிரிவதற்குள் தீர்ந்துவிடும் பொழுது,
அரை மாத்திரைகூடத் தேறாது.
அதற்குள் ஒரு மின்விசிறி கைமாறிவிட்டது.

ஞாயிறு கர்பா கடைப் பெஞ்சில் சொன்னேன்.
பொரித்த சூரைத் துண்டைப் பிட்டபடி கேட்டாள்.
"இரண்டாவது குத்திலேயே தெரியும்."
ஏன் சொல்லவில்லை?
"தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?"
வெங்காயத்தை என் பக்கம் ஒதுக்கினாள்.
"மூன்றாவது ஆட்டத்தில் பழகிவிட்டேன்.
அது நான் ஜெயித்தது, ஞாபகமிருக்கிறதா?
நான்காவதில் நீ நிஜமாகவே அடித்தாய்.
எதெது எது என்று எண்ணி வைத்திருக்கிறாயா?"

அதை எண்ணவில்லை.

மாடிக்கு ஏறினோம். என்னை அந்த அடாப்டரில் உட்காரவைத்தாள்.
அழுத்தினேன்.
என் கை போய்ச் சேர்ந்த இடத்துக்கு
நான் இன்னும் வந்திருக்கவில்லை.
வருவதற்குள் அவள் கால் என் தாடையில்.
ஏழு ஆட்டம், ஏழும் போயிற்று.
எட்டாவதில் முன்கூட்டியே அழுத்தப் பழகி,
வராத உதைக்கெல்லாம் கையைத் தூக்கி,
அதிலும் தோற்றேன்.

பணத்தில் பாதியை எண்ணி வாங்கிக்கொண்டாள்.
மின்விசிறி வேண்டாமாம்.
"சத்தம் போடும்" என்றாள்.
போடுகிறது.