பெருவிரல்

தவக்காலத்து மூன்றாம் வெள்ளி.
சிலாவத்தையில் காலைமுதல் உப்புக்காற்று.
கடைப் பலகையில் பாதிதான் திறந்திருந்தேன்,
பின்னேரம் சிலுவைப்பாதைக்குப் போகவேண்டும்.

மனுவேற்பிள்ளை வந்து நின்றார்,
கோயிலுக்குள் வருகிறவர் போல
செருப்பை வெளியே கழற்றிவிட்டு.
"ரெண்டு கிலோ பச்சையரிசி, பிள்ளை.
சனிக்கிழமை தாறன்."

பதினாறு வருசமாக என்னிடம்
அவர் ஒன்றும் கேட்டதில்லை.
நானும் ஞாயிறு பூசையில்
சமாதானம் சொல்லும் நேரம் வந்தால்
இடப்பக்கம் திரும்பிவிடுவேன்.
இடப்பக்கம் தூண்தான் இருக்கிறது.
நான் தொட்டுத் தொட்டே
அதன் சுண்ணாம்பு தேய்ந்துபோயிற்று.

மாத்தளனில், தறப்பாளுக்குக் கீழே
எட்டுமாதப் பிள்ளை
அழவும் சத்தில்லாமல் கிடந்தாள்.
இவரிடம் பால்மா இருந்தது, பாதி ரின்.
என்னிடம் அவளுடைய காப்பு, ஒரு சோடி.
ஒன்றை நீட்டினேன்.
"ஒண்டு காணாது" என்றார்.
மற்றதைக் கழற்றத் தேவை இருக்கவில்லை.
கையைத் தூக்கினேன்,
தானாக விழுந்தது.

அந்த மாவில்தான் பிழைத்தாள்.
கள்ளன் என்று எழுதுவதா,
காப்பாற்றினவர் என்று எழுதுவதா?
எந்தக் கொப்பியிலும் அடங்காத கணக்கு.
பாதரிடம் ஒருமுறை கேட்டேன்.
"யோசிக்கிறன்" என்றார்.
நல்ல மனிசன், பொய் சொல்லவில்லை.

கரண்ட் இல்லை. பழைய தராசை எடுத்தேன்.
அரிசியை அள்ளிப் போட்டபோது
பெருவிரல் தன்பாட்டில்
தட்டின் விளிம்புக்குப் போனது.
ஐம்பது கிராம். யாருக்குத் தெரியும்?
மேலே திரு இருதயப் படம்;
அது பார்த்தது என்று சொல்லமாட்டேன்,
கண்ணாடி முழுக்கத் தூசி.

ஆனால் இரவில் செபமாலை இருக்கிறது.
பத்து மணிக்கு ஒருதரம்
பரலோக மந்திரம் வருகிறது.
அதில், பொறுப்பதைப் பற்றிய இடத்தில்
என் குரல் தொண்டைக்குள் இறங்கிவிடும்.
"அதில மட்டும் ஏனம்மா முணுமுணுக்கிறீங்கள்?"
மகள் கேட்டுவிட்டாள், போன கிழமை.

விரலை எடுத்தேன்.
தட்டு மேலே போனது.
ஒரு பிடி போட்டேன், இன்னும் அரைப்பிடி,
முள் நேராகும்வரை.
அதற்குமேல் ஒரு மணியும் இல்லை.
நேர் நிறை மட்டும், ஆண்டவரே,
இன்றைக்கு என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

கொப்பியில் பெயரை எழுதினேன்.
அவர் போகாமல் நின்றார்.
"பிள்ளை இப்ப என்ன படிக்கிறா?"
"ஓ லெவல்."
தலையாட்டிக்கொண்டு இறங்கி
வெறுங்காலோடு றோட்டுவரை நடந்து,
திரும்பி வந்து
செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

பின்னேரம் ஏழாம் தலம்.
ஆண்டவர் இரண்டாம் முறை விழுகிற இடம்.
எல்லாரும் முழந்தாளிட்டு எழும்பினோம்.
மனுவேற்பிள்ளை எழும்பவில்லை,
வாங்கின் விளிம்பைத் தேடிக்கொண்டிருந்தார்.
பார்த்தேன். எனக்கும் அவருக்கும் நடுவே
நாலு அடி இருக்கும்.
நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.

மகள்தான் போனாள்.
அவளுக்கு ஒன்றும் தெரியாது.
குனிந்து, அவரிடம்
கையை நீட்டினாள்,
காப்பில்லாத கை.